‘ரேண்டம் அக்சஸ் மெமரீஸ்’: கேளுங்கள், சொல்கிறேன்

பிரான்ஸ் நாட்டு எலக்ட்ரோனிக் இசைக் குழு டாஃப்ட் பங்க், இரண்டே பேர், 2013 மே மாதம் வெளியிட்ட ‘ரேண்டம் அக்சஸ் மெமரீஸ்’ அல்பத்தைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். கல்லடியில் நான் ஒலிப்பதிவு வேலை செய்வதாலோ என்னவோ, மைக்கைப் பற்றியும் பதிவைப் பற்றியும்தான் கூடுதலாகக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அதில் நல்ல சந்தோசம்.

களுவாஞ்சிகுடித் தம்பி: அண்ணே, இவர்கள் மெஷின் இசைக்காரர்தானே? கேட்டால் பழைய டிஸ்கோ பாண்ட் வாசிக்கிற மாதிரி இருக்கு.

உங்கள் காது சரி. 2001இல் வந்த ‘டிஸ்கவரி’யில் பழைய இசைத்தட்டுகளிலிருந்து துண்டு (சாம்பிள்) வெட்டித்தான் பல பாட்டுகளைக் கட்டினார்கள். இந்த முறை துண்டை விட்டுவிட்டு, அந்தக் காலத்தில் வாசித்த ஆட்களிடமே போய்விட்டார்கள். ‘ஷிக்’ என்ற டிஸ்கோக் குழுவின் நைல் ரொட்ஜர்ஸ் கிட்டார், நேதன் ஈஸ்ட் பேஸ், ஓமர் ஹக்கீம் ட்ரம்ஸ். டிஸ்கோ, ஃபங்க், ரொக், மேடை நாடகப் பாட்டு எல்லாம் ஒரே அல்பத்தில் ஒட்டிக்கொண்டு நிற்பதற்கு அந்தக் கைகள்தான் காரணம்.

ஏறாவூர்த் தம்பி: இதில் வரும் ‘கெட் லக்கி’ பாட்டு ஏன் அலுப்பதில்லை?

பாட்டு முழுக்க அதே நாலு கோர்ட்தான் (சுரக்கூட்டு) சுற்றுகிறது. ஆனால் எதிலும் ‘வீட்டுக்கு வந்துவிட்டோம்’ என்று நிற்காது, அதனால் அடுத்த சுற்றுக்குக் காது தானாக ஓடும். ரொட்ஜர்ஸின் வலது கையையும் கவனியுங்கள். கம்பியை அமுக்கி, சுரமே இல்லாமல் ‘சிக்கு சிக்கு’ என்று தட்டிப் போகும் இடங்கள்தான் ஆட வைக்கின்றன.

வாழைச்சேனை அக்கா: ஒரு பாட்டில் வயதான ஒருவர் கதை சொல்கிறாரே, யார் தம்பி?

ஜோர்ஜியோ மொரோடர், அக்கா. 1970களில் சிந்தசைசரை டிஸ்கோவுக்குள் கொண்டுவந்தவர். அவரை உட்காரவைத்து வாழ்க்கைக் கதையைப் பேசவிட்டார்கள். முன்னால் 1960கள் முதல் இந்த நூற்றாண்டு வரையான வெவ்வேறு காலத்து மைக்குகள். எந்தக் காலத்தைப் பேசுகிறாரோ அந்தக் காலத்து மைக். இந்த வித்தியாசம் யாருக்குத் தெரியப்போகிறது என்று அவரே கேட்டாராம். தோமாவுக்குத் தெரியும் என்று பதில் வந்ததாம். தோமா பங்கால்டேர், டாஃப்ட் பங்க் இருவரில் ஒருவர். ‘கிளிக்’ (தாளம் பிசகாமலிருக்கக் காதில் போடும் தட்டுச் சத்தம்) என்ற சொல்லை மொரோடர் சொல்கிற இடத்தில் டக், டக் என்று அதே சத்தம் தொடங்கும்.

அக்கரைப்பற்றுத் தம்பி: இவர்கள் ரோபோ மாதிரித் தலைக்கவசம் போட்டு முகத்தை மறைத்தது எதற்கு?

முகத்தை விட்டு இசையைப் பார்க்கச் சொல்வதற்கு.

வந்தாறுமூலைத் தம்பி: என் மாமா கூத்துப் பழக்கும் அண்ணாவியார். மத்தளத்தை எலக்ட்ரோனிக் பீட்டோடு கலக்க ஆசை. இணையத்தில் மத்தள சாம்பிள் எங்கே எடுக்கலாம்?

தம்பி, வீட்டில் அண்ணாவியாரை வைத்துக்கொண்டு இணையத்தில் தேடுகிறீர்களே! இந்த அல்பம் உங்களுக்குச் சொல்வதே இதைத்தான். மாமாவை வாசிக்கச் சொல்லுங்கள்.

மத்தளத்தின் இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொரு மைக் வையுங்கள். சல்லரியை (கைத்தாளத்தை) தள்ளி வைத்துத் தனியாகப் பதியுங்கள். முதன்முதலில் நான் எல்லாவற்றுக்கும் ஒரே மைக் வைத்தேன். சல்லரியின் ஓசை மத்தளத்தை முழுசாக விழுங்கிவிட்டது. பிறகு பிரிக்க முடியவில்லை, அந்த இரவுப் பதிவே போச்சு.

மறுகா, அவர் காதில் கிளிக் போடாதீர்கள். ஆடுகிறவரின் காலைப் பார்த்துத்தான் மத்தளம் ஏறும், இறங்கும். முதலில் அவர் போக்கில் வாசிக்கட்டும். அதற்கேற்ப கணினியில் வேகக் கோட்டை (டெம்போ) வளைத்து, எலக்ட்ரோனிக் பீட்டை அவர் பின்னால் நடக்க விடுங்கள். மெனக்கெட்ட வேலைதான், இரண்டு மூன்று நாள் போகும். வடமோடிக் கூத்தின் தாளக்கட்டு ஒன்றை இப்படிச் செய்து பாருங்கள், பிறகு என்னிடம் கொண்டுவாருங்கள். காசு வேண்டாம், மிக்ஸிங் நான் செய்து தருகிறேன்.

கல்முனை அண்ணர்: கிராமி இசை விருது கிடைத்ததா?

2014 ஜனவரியில் ‘ஆண்டின் சிறந்த அல்பம்’ உட்பட. ஒலிப்பதிவுத் தரத்துக்கான விருதும் இதற்குத்தான். எனக்கு அதுதான் பெரிசு.

அதே வாழைச்சேனை அக்கா: கடைசிப் பாட்டின் தொடக்கத்தில் வானொலி மாதிரி ஒரு குரல்?

அப்பல்லோ 17இல் நிலாவுக்குப் போன யூஜின் சேர்னன், விண்வெளியிலிருந்து பேசுகிறார். அல்பத்தில் பழைய இசைத்தட்டுச் சாம்பிள் இருப்பதும் அந்தப் பாட்டில் மட்டும்தான். ஃபோன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், அக்கா. கடைசியில் ட்ரம்ஸும் இரைச்சலும் ஏறிக்கொண்டே போகும், நல்ல ஹெட்ஃபோனில் கேட்டால் நெஞ்சு அடிக்கும்.