பாடசாலை நூலகத்துக்குப் பணம் கிடைத்திருக்கிறது, ஏசி போடவா கணினி வாங்கவா?

கேள்வி கேட்டவர் அம்பாறைப் பக்கத்து ஆசிரியர். நூலகத்தில் புத்தகம் நிறைய இருக்கிறது, பிள்ளைகள் எட்டியும் பார்ப்பதில்லை, பழைய மாணவர்கள் கொஞ்சம் பணம் தருகிறார்கள், அதை வைத்து ஏசி போடவா கணினி வாங்கவா என்று கேட்டிருக்கிறார். இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நான் மட்டக்களப்பில், படுவான்கரையில் ஒரு பாடசாலைக்குத் தமிழ் படிப்பிக்கப் போன புதிதில், நேரசூசியில் எனக்குப் பாடவேளை குறைவாக இருக்கிறது என்று நூலகத்தையும் என் தலையில் கட்டினார்கள். பல இடங்களில் நூலகப் பொறுப்பு இப்படித்தான் வந்து சேர்கிறது. மாடியில் கடைசி அறை. அறைத் திறப்பு அதிபரின் லாச்சிக்குள். உள்ளே நாலு கண்ணாடி அலுமாரி, நாலுக்கும் தனித்தனிப் பூட்டு, நடுவில் ஒரு நீள மேசை. கதிரைகளை யாரோ கூட்டத்துக்கு எடுத்துப் போனவர்கள் திருப்பிக் கொண்டுவரவில்லை. முதல் நாள் தரம் ஏழுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு பிள்ளை கண்ணாடியில் விரலை வைத்து, உள்ளே தெரிகிற ஒவ்வொரு புத்தகத்தின் முதுகையும் எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டே போனாள். ஒரு தட்டு முடிய அடுத்த தட்டு. "இதத் தொட ஏலுமா டீச்சர்?" என்று கேட்டாள். என்னிடம் அறைத் திறப்பு இருந்தது, அலுமாரித் திறப்பு இல்லை.

அந்தப் பூட்டுக்குக் காரணம் கள்ளர் பயமில்லை, கணக்கெடுப்பு. வருட முடிவில் பொருட் கணக்கெடுக்க வருவார்கள், பதிவேட்டிலுள்ள இலக்கத்துக்குப் புத்தகம் இல்லாவிட்டால் பொறுப்பாசிரியர்தான் பதில் சொல்ல வேண்டும். பூட்டி வைத்தால் கணக்குச் சரி, வேலை முடிந்தது. யாரையும் குறை சொல்லமாட்டேன், நானும் முதல் தவணை முழுக்கப் பூட்டித்தான் வைத்திருந்தேன். அப்புறம்தான் நூலகவியல் அறிஞர் ரங்கநாதனைப் படித்தேன். சீர்காழிக்காரர், நம் காரைதீவு விபுலாநந்தர் பிறந்த அதே 1892இல் பிறந்தவர். 1931இல் அவர் எழுதி வைத்த ஐந்து விதிகளில் முதலாவது, புத்தகம் பயன்படுத்துவதற்கே என்பது. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களைத் தட்டோடு சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். அதை வாசித்தபோது எனக்கு எங்கள் நாலு பூட்டும்தான் ஞாபகம் வந்தது.

ஆகவே முதல் வேலை, பூட்டைக் கழற்றுவது. அதிபரோடு பேசி, திறந்த தட்டு முறைக்கு மாறுகிறோம், காணாமற் போகிற புத்தகங்களைத் தவணைக்கு ஒருமுறை எழுதிக் காட்டுவோம் என்று பாடசாலை நடப்புகளை எழுதி வைக்கிற சம்பவத்திரட்டுப் புத்தகத்தில் பதிய வைத்தேன். அந்தப் பதிவு இருந்தால்தான் பொறுப்பாசிரியருக்கு இரவில் நித்திரை வரும், அதை மறக்காதீர்கள். பிறகு ஊர் ஓடாவி ஒருவர் வந்து பிணைச்சலைக் கழற்றிக் கதவுகளை எடுத்துவிட்டார், அரைநாள் வேலை. ஒரு அலுமாரியை மட்டும் அப்படியே விட்டோம், பழைய விழா மலர்களும் இப்போது கிடைக்காத புத்தகங்களும் அதற்குள். முதல் வருடம் ஏழு புத்தகம் காணாமற் போனது, நாலு தானாகத் திரும்பி வந்தது.

இரண்டாவது, இடம். மாடியின் மூலையில் இருக்கிற அறைக்கு இடைவேளையில் யாரும் ஏறி வரமாட்டார்கள். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், பிள்ளைகள் எப்படியும் கடந்து போகிற ஒரு வகுப்பறையைக் கேட்டு வாங்கினோம். கீழே வந்தால் வெள்ளமும் கறையானும் சேர்ந்துதான் வரும். 2011 ஜனவரி வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. அதனால் கடைசித் தட்டைத் தரையிலிருந்து குறைந்தது ஓரடி உயர்த்தி அடிக்கச் சொல்லுங்கள், றாக்கைக் கால்களின் கீழ் சீமெந்துக் கல் வையுங்கள், றாக்கையைச் சுவரோடு ஒட்ட வைக்காமல் மூன்று நாலு அங்குலம் விடுங்கள். அந்த இடைவெளி காற்றுக்கும்தான், கறையான் மண் ஏறுகிறதா என்று ரோச் அடித்துப் பார்ப்பதற்கும்தான். கார்த்திகை பிறக்க முன் கூரைப் பீலியில் இலை அடைத்திருக்கிறதா என்று யாராவது ஏறிப் பார்க்கவும் வேண்டும்.

யன்னலைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நான் பிழைவிட்ட இடம் அது. நம் பக்கத்துப் பள்ளிக்கூடக் கட்டடங்கள் பெரும்பாலும் நீட்டுக் கட்டடம், இரண்டு நீளப் பக்கமும் அரைச்சுவரும் வலையும், இல்லாவிட்டால் யன்னல். நான் றாக்கைகளைச் சுவரோரம் நிறுத்தினால் நடுவில் இடம் கிடைக்கும் என்று யன்னலை மறைத்து வைத்துவிட்டேன். அறை இருண்டது, அது ஒன்று. ஆடியில் கச்சான் காற்று அடிக்கத் தொடங்க, மேற்கிலிருந்து சூடும் புழுதியும் நேரே புத்தக முதுகில். மார்கழியில் வாடையோடு வந்த மழை, ஒரு நீண்ட வார இறுதியில் யாரோ மூடாமல் விட்ட கிழக்கு யன்னலால் தூவானமடித்து ஒரு றாக்கையின் பாதியை நனைத்துவிட்டது. திங்கட்கிழமை பார்த்தால் புத்தகங்கள் ஊறிய இடியப்பத் தட்டுப் போலக் கிடந்தன. நாங்கள் அவசரத்தில் எல்லாவற்றையும் வெயிலில் பரப்பினோம், அது அடுத்த பிழை. மட்டைகள் வில்லாக வளைந்தன, வழுவழுத் தாளில் அச்சடித்த படப் புத்தகங்கள் காய்ந்து செங்கல்லாய் ஒட்டிக்கொண்டன. நிழலில் நிமிர்த்தி, பக்கங்களை விசிறிபோல விரித்து, மின்விசிறிக் காற்றில் உலர விட்டிருக்கவேண்டும், வழுவழுத் தாளுக்கு ஈரமிருக்கும்போதே இடையில் மெழுகுத் தாள் வைத்திருக்கவேண்டும்.

இப்போது றாக்கைகள் யன்னல் சுவருக்குக் குறுக்காக நிற்கின்றன, வெளிச்சம் இரண்டு றாக்கைக்கு நடுவே நேராக விழுகிறது. இடைவழி மூன்றடிக்குக் குறையாமல், சக்கர நாற்காலியும் போகவேண்டும். மின்விளக்கு இடைவழிக்கு மேலே வரவேண்டும், றாக்கைத் தலைக்கு மேலே போட்டால் கீழ்த்தட்டு இருட்டுத்தான். மேற்கு யன்னல்களுக்கு மருதமுனைக் கைத்தறியில் கட்டித் துணியாக வாங்கித் திரை தைத்தோம். றாக்கை அடிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள், பலகை மூன்றடிக்கு மேல் நீண்டால் நடுவில் தொய்யும். ஒரு மீற்றர் நீளப் புத்தகம் 30 கிலோ வரும், அந்தப் பாரம் வருடக் கணக்காக அங்கேயே இருக்கப் போகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு நாலடிக்கு மேல் எதுவும் வேண்டாம்.

புத்தகங்களைப் பொருள்வாரியாக இலக்கமிட்டு அடுக்கும் முறை ஒன்றுக்கு டூயி தசமப் பகுப்பு என்பார்கள், 000 தொடங்கி 999 வரை. பிரதான பத்துப் பொருள் வகுப்புப் போதும், அதற்கு மேல் போகாதீர்கள். முழுதாகப் போனால் சமயத் தட்டில் பைபிளுக்கும் கிறிஸ்தவத்துக்கும் 220 தொடங்கி 289 வரை இடம், சைவப் புத்தகமெல்லாம் 294.5 என்ற ஒரே இலக்கத்துக்குள் நெரிபடும், தமிழ் இலக்கியம் முழுவதும் 894.811. தரம் ஆறுப் பிள்ளை இதை வைத்து என்ன செய்யும்? நாங்கள் பொருள் வகுப்புக்கு ஒரு நிறம் என்று முதுகில் நிற நாடா ஒட்டினோம், இலக்கத்தை அதன் மேல் பேனையால் எழுதினோம். வாரம் பத்துப் புத்தகத்தை மட்டும் முன்னட்டை தெரிய நிமிர்த்தி வைப்போம். எது எடுபடும் என்று நான் நினைத்தேனோ அது எடுபடாது, பேய்க்கதையும் கிரிக்கெட்டும்தான் முதலில் போகும். போகட்டும்.

கதிரை போதவில்லை என்றால் பன்பாய் வாங்குங்கள். மூலையில் இரண்டு பாய் விரித்ததிலிருந்து அந்த மூலையில்தான் கூட்டம், மேசைக்குப் போட்டி குறைந்துவிட்டது. பழுதான புத்தகங்களையும் பழைய பாடத்திட்டப் பயிற்சிநூல்களையும் முறைப்படி பதிவழித்து வெளியேற்றுங்கள், பாதித் தட்டை அடைத்துக்கொண்டிருப்பது அவைதான். எங்களுக்கு அந்த அனுமதிக் கடிதம் வரவே ஒன்றரை வருடமானது, ஆகவே விண்ணப்பத்தை இன்றைக்கே எழுதுங்கள்.

கணினி பிறகு வாங்கலாம், ஒன்று போதும். 2005இலிருந்து நடக்கிற, 'நூலகம்' என்ற பெயருள்ள இணையத்தளத்தில் ஈழத்துப் புத்தகங்களும் பழைய சஞ்சிகைகளும் இலவசமாகவே கிடைக்கின்றன, உயர்தரப் பிள்ளைகளுக்கு அதைக் காட்டிக் கொடுக்க ஒரு திரை இருந்தால் சரி.

ஏசி? அது போட்டால் கதவு யன்னல் எல்லாம் மூடவேண்டும். மூடின கதவைத் தள்ளிக்கொண்டு வரப் பிள்ளைகளுக்குக் கூச்சம், கரண்ட் பில்லைப் பார்த்த பிறகு அதிபருக்கும் கூச்சம் வரும், பிறகு அறையைப் பூட்டித் திறப்பை லாச்சிக்குள் போடுவார்கள். கூரை சீற் என்றால் அந்தப் பணத்தில் சீலிங் அடியுங்கள், மிச்சத்துக்கு இரண்டு மின்விசிறி. உங்கள் அறையின் நீள அகலத்தையும் யன்னல் எந்தப் பக்கம் என்பதையும் எழுதினால், றாக்கை எப்படி நிறுத்தலாம் என்று கீறிப் பார்த்துச் சொல்கிறேன்.