பாசியைத் தின்னும் கடல் நுண்ணுயிர்களுக்குள் அந்தப் பச்சை என்ன ஆகிறது?

செரித்துவிடும், அவ்வளவுதானே என்றுதான் நானும் நினைத்திருந்தேன். முதுகலை ஆய்வுக்காக ஆறு மாதம் இவற்றுக்குப் பாசி ஊட்டிக்கொண்டிருந்தபோதுதான் விஷயமே வேறு என்று புரிந்தது. பாசியைத் தின்கிற ஒருசெல் உயிருக்குப் பச்சையம் உணவு என்பதைவிட ஆபத்தான சரக்கு.

ஆக்சிரிஸ் மரீனா என்றொரு டைனோஃபிளாஜெல்லேட் (சாட்டை போன்ற இழைகளால் நீந்தும் ஒருசெல் உயிர்) இருக்கிறது. அதற்குச் சொந்தமாகப் பச்சையம் கிடையாது. பாசி ஊட்டிய கொஞ்ச நேரத்தில் மைக்ரோஸ்கோப்பில் நீல ஒளி பாய்ச்சினால், உடலுக்குள் செக்கச்செவேல் என்று உருண்டைகள் மின்னும். எல்லாம் உணவுக் குமிழில் அடைபட்ட பாசிகள். பச்சையம் நீல ஒளியை வாங்கிச் சிவப்பாக உமிழ்கிறது. நேரம் போகப்போக உருண்டையின் விளிம்பு கலையும், சிவப்பும் மங்கும்.

பாசி உயிரோடு இருக்கும்வரை பச்சையம் வாங்கும் ஒளி பெரும்பாலும் ஒளிச்சேர்க்கைக்குப் போய்விடும். செல் சிதைந்தபின் அந்த ஆற்றலுக்குப் போக்கிடம் இல்லை. பக்கத்திலுள்ள ஆக்சிஜன் மேல் ஏறி, சவ்வுகளை அரிக்கும் ஒற்றைநிலை ஆக்சிஜனாக மாற்றிவிடும். தின்றவரின் உடலோ கண்ணாடி மாதிரி, வெயில் நேரே வயிற்றுக்குள் விழும்!

சரி, எப்படிச் சமாளிக்கிறது? குமிழுக்குள் இருக்கும் அமிலம் பச்சையத்தின் நடுவிலுள்ள மெக்னீசியத்தைக் கழற்றிவிடும், அது ஃபியோபைட்டின். அசிட்டோனில் எடுத்த பாசிச் சாற்றில் இரண்டு சொட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால், பச்சை பழுப்பாவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மூலக்கூறின் ஃபைட்டால் என்ற நீண்ட வாலும் அறுந்தால் ஃபியோஃபோர்பைடு. ஆனால் இவையும் ஒளிரும், இவையும் ஒளி பட்டால் நஞ்சுதான். பல ஒருசெல் உயிர்கள் இன்னும் ஒரு படி போய், மூலக்கூறைத் தனக்குள்ளேயே இன்னொரு வளையமாக மடக்கி, சைக்ளோஃபியோஃபோர்பைடு ஈனால் என்ற பொருளாக்கிவிடுகின்றன. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-இல் இதை விரிவாகக் காட்டினார்கள். இது ஒளிராது, ஒற்றைநிலை ஆக்சிஜனையும் உண்டாக்காது.

என் தலைவலி தொடங்கியது இங்கேதான். ஒளிர்வை அளக்கும் ஃப்ளோரோமீட்டரில், குறைந்த பச்சையத்துக்கு ஈடாக ஃபியோபைட்டின், ஃபியோஃபோர்பைடு போன்ற ஃபியோ நிறமிகள் ஏறவேண்டும் என்று எதிர்பார்த்தேன். கணக்கு ஒருநாளும் நேராகவில்லை. சாறு எடுக்கும்போது எங்கோ சிந்திவிட்டேன் என்று இரண்டு வாரம் பைப்பெட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஒளிராத பொருளை ஒளிர்வை அளக்கும் கருவி எப்படிப் பார்க்கும்? கோபிபாட்கள் என்ற சின்னஞ்சிறு மிதவை ஓட்டுயிர்களின் வயிற்றில் உள்ள நிறமியை அளந்து எவ்வளவு தின்றன என்று கணக்கிடும் முறை 1976-லிருந்தே உண்டு. அதிலும் இதே மாதிரி ஒரு பங்கு காணாமல் போகும் சச்சரவு ஓயவில்லை. கோபிபாட் எச்சமாவது உருண்டையாக மூழ்கும். சிலியேட் (மயிரிழைகளால் நீந்தும் ஒருசெல் உயிர்) போன்ற பொடிசுகளின் எச்சம் வெளிச்சத்திலேயே மிதந்து, மிச்சமிருந்த நிறமியும் வெயிலில் சிதைந்துவிடும்.

நீங்களே செய்து பார்ப்பதாக இருந்தால், ஃப்ளோரோமீட்டரோடு நிறுத்தாமல் கலவையிலுள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் எச்பிஎல்சி கருவியில் பிரித்துப் பாருங்கள். மங்கலான வெளிச்சத்தில் வேலை செய்யுங்கள். அப்புறம், சாற்றை எடுத்த அன்றே கருவியில் ஓட்டிவிடுங்கள். கரைசலில் காற்று பட்டால் அந்த ஈனால் சீக்கிரம் கெட்டுவிடும்.