சின்னப் பிள்ளைகளும் செபமாலையும் (கடிதம்)

அன்புள்ள அக்கா,

ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நாலு. கணவர் கொழும்பில் கடை வேலை செய்கிறார். ஒக்டோபர் வந்தால் எங்கள் லயங்களில் மாதா சொரூபம் வீடு வீடாக வரும், ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டில் செபமாலை சொல்லுவோம். பிள்ளைகள் ஆசையாகத்தான் வருவார்கள். ஆனால் இரண்டாவது பத்து முடிவதற்குள் சின்னவன் தூங்கிவிடுவான். பெரியவள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து சிரிக்கத் தொடங்கிவிடுவாள். மாமியாரோ ஐந்து பத்தையும் முழங்காலில் நின்றே சொல்லவேண்டும் என்கிறார். நவம்பர் பிறந்ததும் எல்லாம் நின்றுபோகும், அடுத்த ஒக்டோபர் வரை செபமாலை ஆணியில் தொங்கும். வருஷம் முழுக்க இதைப் பிள்ளைகளுக்குப் பழக்க என்ன வழி? மிரட்டிச் செபிக்க வைக்க எனக்கு மனமில்லை.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தங்கைக்கு,

மிரட்ட மனமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மனதை யார் சொன்னாலும் மாற்றிக்கொள்ளாதீர்கள். பயந்து சொன்ன செபத்தைப் பிள்ளைகள் வளர்ந்ததும் விட்டுவிடுவார்கள்.

நாலு வயதுக்கு ஒரு பத்து போதும். ஒரு கர்த்தர் கற்பித்த செபம், பத்து அருள் நிறைந்த மரியே, ஒரு திரித்துவப் புகழ். நிதானமாகச் சொன்னாலும் ஐந்து நிமிடம்தான் ஆகும். இப்போதைக்கு மகளுக்கும் அவ்வளவே போதும். முழுச் செபமாலையில், தொடக்கத்தில் வரும் மூன்றோடு சேர்த்து, 53 அருள் நிறைந்த மரியே வருகிறது. பகல் முழுக்க ஓடியாடிய பிள்ளை இரவு ஏழரைக்கு அதைத் தாங்காது.

மாமியார் ஒத்துக்கொள்ளமாட்டார் என்றால் போர்த்துக்கல் நாட்டுப் பாத்திமாப் பிள்ளைகளின் கதையைச் சொல்லுங்கள். 1917 மே மாதம் மாதாவைக் கண்டபோது லூசியாவுக்குப் பத்து வயது, பிரான்சிஸ்குவுக்கு எட்டு, ஜசிந்தாவுக்கு ஏழு. ஆடு மேய்க்கப் போன இடத்தில் சாப்பிட்டதும் செபமாலை சொல்லவேண்டும் என்பது வீட்டாரின் கட்டளை. பிள்ளைகளுக்கோ விளையாடும் அவசரம். அதனால் ஒவ்வொரு மணிக்கும் செபத்தின் முதல் இரண்டு வார்த்தைகளை மட்டும் சொல்லிச் சட்டென்று முடித்துவிடுவார்களாம். லூசியாவே பிற்காலத்தில் எழுதிவைத்தது இது. இப்படிச் செபித்த பிள்ளைகளிடம்தான் மாதா வந்து, தினமும் செபமாலை சொல்லுங்கள் என்று கேட்டார். அவர்களில் சின்னவர்கள் இருவருக்கும் 2017 மே 13ஆம் திகதி புனிதர் பட்டம் கொடுக்கப்பட்டது.

நேரத்தைக் குறைத்தால் மட்டும் காரியம் நடந்துவிடாது. ஒவ்வொரு பத்துக்கும் முன் நினைவுகூரும் இயேசு, மரியா வாழ்வின் நிகழ்வுதான் மறைபொருள். நம் வீடுகளில் அதை ஒரே மூச்சில் அறிவித்துவிட்டுச் செபத்துக்குள் ஓடிவிடுகிறோம். எதை நினைத்துக்கொண்டு சொல்லவேண்டும் என்று பிள்ளைக்குத் தெரிவதே இல்லை. பார்க்க ஒன்றும் இல்லாவிட்டால் அது பக்கத்துப் பிள்ளையைத்தான் பார்க்கும், சிரிப்பு வராமல் என்ன செய்யும்? பாப்பரசர் இரண்டாம் ஜோன் போல் 2002 ஒக்டோபரில் ஒளியின் மறைபொருள்களைச் சேர்த்து எழுதிய மடலிலும் இதைச் சொல்கிறார். மறைபொருளை அறிவிக்கும்போது ஒரு படத்தை வைத்துக்கொள்ளலாம், வேதாகமத்திலிருந்து அந்தப் பகுதியை வாசிக்கலாம், கொஞ்ச நேரம் மௌனமாக இருந்துவிட்டுத் தொடங்கலாம் என்கிறார். பிள்ளைகளுக்கு இது இன்னும் பொருந்தும். முதலில் கதை, அப்புறம் செபம்.

மகிழ்ச்சி, ஒளி, துயரம், மகிமை என்று ஐந்தைந்தாக மொத்தம் 20 மறைபொருள்கள். ஒன்றுக்கு இரண்டு கிழமை என்று வைத்தால் 40 கிழமை. வருஷத்தில் மிச்சமிருக்கும் 12 கிழமையிலும் பிள்ளைகள் தாங்களே பிடித்ததைத் தேர்ந்தெடுக்கட்டும். திங்கள், சனி மகிழ்ச்சி, செவ்வாய், வெள்ளி துயரம் என்ற கிழமைக் கணக்கெல்லாம் அவர்கள் வளர்ந்தபிறகு பழகிக்கொள்ளலாம்.

வரிசையைத் திருச்சபையின் காலங்களே காட்டித்தரும். நத்தாருக்கு முந்திய திருவருகைக் காலத்தில் முதல் இரண்டு மகிழ்ச்சி மறைபொருள்களையும் எடுங்கள். இரண்டாவதான, மரியா எலிசபெத்தைப் பார்க்கப்போன கதை நம் பிள்ளைகளுக்கென்றே எழுதியதுபோல் இருக்கும். மரியா போனது யூதேய மலைநாட்டுக்கு என்றுதான் லூக்கா எழுதுகிறார். மேல் டிவிசனில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குக் குறுக்குப் பாதையில் ஏறிப்போன நாளை மகளிடம் ஞாபகப்படுத்துங்கள். மூச்சு வாங்கியதா, சப்பாத்தில் சேறு ஒட்டியதா, அட்டை கடித்ததா, வாசலில் யார் முதலில் கண்டு கூப்பிட்டார்கள் என்று கேளுங்கள். மரியாவும் அப்படித்தான் மலை ஏறினார், வயிற்றில் இயேசு இருந்தார், கதவைத் திறந்த எலிசபெத் சொன்ன வார்த்தையைத்தான் நாம் இப்போது சொல்லப்போகிறோம் என்று சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். "பெண்களுக்குள் ஆசீர்வதிக்கப்பட்டவர் நீரே" என்ற இடம் வரும்போது மகளின் முகத்தைப் பாருங்கள். அது எலிசபெத்தின் குரல் என்று தெரிந்த பிள்ளை அந்த வரியை வேறு மாதிரிச் சொல்லும். மே 31ஆம் திகதி அதே நிகழ்வின் திருநாள், அன்றைக்கும் இந்தக் கதையைச் சொல்லலாம்.

உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தவக்காலத்தில் துயர மறைபொருள்கள். முள்முடியையும் சாட்டையடியையும் சின்னவனுக்கு விரித்துச் சொல்லவேண்டாம். சிலுவை சுமந்த கதையை எடுங்கள், சிலுவையைத் தூக்கச் சீமோன் என்பவர் கைகொடுத்த இடத்தில் நில்லுங்கள். அந்த நாட்களில் கதை சொல்லும் பொறுப்பை மாமியாரிடம் விடுங்கள். தலையில் கயிறு மாட்டி, நனைந்த கொழுந்தோடு கூடையைச் சுமந்து மலையிறங்கியவர்களுக்குப் பாரம் என்றால் என்னவென்று தெரியும். வழியில் யார் கைகொடுத்தார்கள் என்பதையும் சொல்வார்கள். உங்கள் மாமியாரும் அப்படிச் சுமந்தவர் என்றால் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல விளக்கம் கிடைக்காது.

உயிர்ப்புக் காலத்துக்கு மகிமை மறைபொருள்கள் தாமாகவே பொருந்தும். மாதாவின் விண்ணேற்பை மட்டும் ஓகஸ்ட் 15க்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரியில் புனித யோசப் வாஸ் அடிகளாரைப் பற்றிச் சொல்லுங்கள். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், ஏழைக் கூலியாளின் உடையில் இந்த நாட்டுக்கு வந்தவர். யாழ்ப்பாணத்தில் மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரைக் கண்டுபிடிக்கக் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். அதை அடையாளம் கண்டவர்கள் அவரை உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். பிறகு நம் கண்டிக்கு வந்து, உளவாளி என்று சிறையில் அடைபட்டு, பின்னர் கண்டியிலேயே உழைத்து, 1711 ஜனவரி 16இல் கண்டியிலேயே இறந்தார். இந்தக் கதையைக் கேட்ட பிள்ளைக்குச் செபமாலையைக் கையில் வைத்திருப்பதே பெருமையாக இருக்கும். ஆளுக்கொன்று வாங்கிக் கொடுங்கள். நாலு வயதுக்குக் கம்பியில் கோத்ததைவிட நூலில் முடிச்சுப் போட்டது நல்லது, அறுந்து மணி சிதறாது.

நவம்பரில் நிறுத்துவதைத்தான் என்னால் ஏற்கமுடியவில்லை. அது இறந்தவர்களுக்காகச் செபிக்கும் மாதம் அல்லவா? இந்த வருஷம் அங்கிருந்தே தொடங்குங்கள். பத்து மணிக்குப் பத்துப் பெயர். தாத்தா, பாட்டி, லயத்தில் இறந்துபோன அயலவர்கள். பெயர்களைப் பிள்ளைகளே சொல்லட்டும். மற்ற மாதங்களில் உயிரோடிருப்பவர்களின் பெயர்கள். முதல் மணி அப்பாவுக்குத்தான் போகும் என்று நினைக்கிறேன். சின்னவன் நாய்க்குட்டிக்கு ஒரு மணி கேட்டாலும் கொடுங்கள்.

தூங்குவதைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். செபவேளையில் தூங்கிவிடும் வழக்கம் குழந்தை இயேசுவின் புனித தெரேசாவுக்கும் இருந்தது. விழித்திருக்கும் பிள்ளையைப்போலவே தூங்கும் பிள்ளையும் பெற்றோருக்குப் பிரியமானதுதான் என்று அவர் எழுதியிருக்கிறார். செபமாலை சொல்வது தமக்கு எவ்வளவு கடினமாக இருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

ஒக்டோபரில் பெரியவளைப் பின்வரிசையில் உட்காரவைக்காதீர்கள். சொரூபத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஒரு மறைபொருளை அவளே இரண்டு வரிக் கதையாகச் சொல்லி அந்தப் பத்தை நடத்தட்டும். உங்கள் பங்குத்தந்தையிடமும் கேட்டுப்பாருங்கள், பிள்ளைகளுக்கென்று ஒரு பத்தை ஒதுக்க அவர் மறுக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

மாமியாரோடு வாக்குவாதம் வேண்டாம். முதல் பத்து பிள்ளைகளுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது முடிந்ததும் அவர்கள் எழுந்து போகலாம், மிச்ச நாலையும் நீங்களும் அவரும் சொல்லுங்கள். கணவருக்கு ஞாயிறு இரவில் கொஞ்சம் நேரம் கிடைக்குமென்றால் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு அந்த ஒரு பத்தை அவரையே தொடங்கச் சொல்லுங்கள். மிச்சமிருக்கும் அந்த 12 கிழமையில் பெரியவள் எந்த மறைபொருளைத் தேர்ந்தெடுத்தாள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா