லெஃப்ட் ஜாயின் போட்டும் கட்டணம் கட்டாத மாணவர்கள் ஏன் பட்டியலில் வரவில்லை?

சிங்கப்பூர் ஈசூனில் டியூஷன் வகுப்பு நடத்துகிறீர்கள். டேட்டாபேஸில் மாணவர் டேபிளோடு கட்டண டேபிளை லெஃப்ட் ஜாயின் (LEFT JOIN: கட்டண விவரம் இல்லாவிட்டாலும் எல்லா மாணவரையும் வைத்துக்கொள்ளும் இணைப்பு) செய்து ஜூன் பட்டியல் எடுத்தால், கட்டாத பிள்ளைகளின் பெயரே வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். ஜாயின் சரிதான். கோளாறு, வரிசைகளை வடிகட்டும் 'வேர்' (WHERE) பகுதியில் நீங்கள் எழுதிய மாதம் = ஜூன் என்ற நிபந்தனையில் இருக்கிறது.

முதலில் இரண்டு டேபிளும் சேரும், அப்புறம்தான் வேர் வடிகட்டும். யாழினி மே மாதம் கட்டினாள், ஜூனில் கட்டவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு மே ரசீதோடு ஒரு வரிசை வரும். அது ஜூன் இல்லை என்பதால் நீங்கிவிடும். கவின் புதிதாகச் சேர்ந்தவன், ஒரு ரசீதும் இல்லை. அவனுக்கு மாதம் 'நல்' (NULL), அதாவது மதிப்பே இல்லாத காலி இடம். நல் = ஜூன் என்பது ஒருபோதும் உண்மையாகாது, அவனும் போய்விடுவான்.

'அல்லது மாதம் இஸ் நல்' என்று சேர்க்கச் சொல்லிப் பலர் யோசனை தருவார்கள். தயவுசெய்து வேண்டாம். கவின் திரும்பி வருவான், யாழினி வரமாட்டாள். முழுக்கத் தப்பான பட்டியலை உடனே கண்டுபிடித்துவிடலாம். பாதி சரியானதை யாரும் சந்தேகப்படுவதில்லை.

அந்த மாத நிபந்தனையை, டேபிள்கள் எப்படிச் சேர வேண்டும் என்று சொல்லும் 'ஆன்' (ON) பகுதிக்குக் கொண்டுபோங்கள்: மாணவர் எண் பொருந்த வேண்டும், 'ஆண்ட்' (AND) மாதம் = ஜூன். இப்போது இருவரும் வருவார்கள். கட்டாதவர்கள் மட்டும் போதுமென்றால், வேர் பகுதியில் ரசீது எண் இஸ் நல். ஜூன் பள்ளி விடுமுறையில் வகுப்புக்கு வராதவர்களும் அதில் இருப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

வருகை டேபிளையும் அதே குவெரியில் (தரவு எடுக்கும் கட்டளையில்) சேர்க்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியே சேர்க்காதீர்கள். 120 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) ஒரு ரசீது, 8 நாள் வருகை என்றால் அந்த ரசீது 8 முறை வந்து, கூட்டுத்தொகை 960 வெள்ளி காட்டும். ஒரே தொகை பலமுறை வந்தாலும் ஒரு முறை மட்டும் கூட்டும் சம் டிஸ்டிங்க்ட் (SUM DISTINCT) போட்டும் தப்பிக்க முடியாது. 60, 60 என்று இரண்டு தவணையாகக் கட்டியவருக்கு 60தான் வரும். கட்டணத்தை மாணவர்வாரியாக முதலில் கூட்டுங்கள், வருகையைத் தனியாக எண்ணுங்கள், பிறகு இணையுங்கள்.

இணைக்கும் எண்ணாகப் பிறப்புச் சான்றிதழ் எண்ணை வைக்கலாமா என்ற கேள்விக்கு: கூடாது. தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிமுறைப்படி, 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கேட்டாலோ ஆளை மிகத் துல்லியமாக உறுதிசெய்யும் தேவை இருந்தாலோ தவிர, நிறுவனங்கள் அந்த எண்ணைச் சேகரிக்கக் கூடாது. டேட்டாபேஸ் தானாகத் தரும் வரிசை எண்ணே மாணவர் எண்ணாக இருக்கட்டும்.