மேஸ்திரி கேக்குற அட்வான்ஸும் மனைவியோட நகையும்

அண்ணா வணக்கம். திண்டிவனம் பக்கத்துல 1000 சதுர அடியில வீடு கட்டிட்டு இருக்கேன். பட்ஜெட் 28 லட்சம், பேங்க் லோன் 20, கைக்காசு 8. லேபர் காண்ட்ராக்ட்தான், சாமான் எல்லாம் நானே வாங்கித் தர்றேன். இப்போ லிண்டல் மட்டம், அதாவது கதவு ஜன்னலுக்கு மேல வர்ற கான்கிரீட் வரைக்கும் முடிஞ்சுது. கைக்காசு காலி, பேங்க்ல ரெண்டு தவணையா வாங்கின 9 லட்சத்துல ஒன்னரை லட்சம் மிச்சம். போர்வெல், மண் நிரப்புனது, காம்பவுண்ட் சுவர்னு நிறைய போயிடுச்சு. ரூஃப் போட 3 லட்சம் அட்வான்ஸ் கேக்குறாரு மேஸ்திரி. மனைவி நகையை வெச்சு குடுத்திடவா? பொங்கலுக்குள்ள குடி போகணும்.
— ஒரு வாசகர்

தம்பி, மேஸ்திரியை விடுங்க, முதல்ல உங்க கணக்கைப் பாருங்க. இதுவரைக்கும் 15.5 லட்சம் போயிருக்கு, மீதி வர வேண்டியது 11, கையில இருக்கறதோட 12.5. இதுலதான் ரூஃப், பூச்சு, வயரிங், பிளம்பிங், டைல்ஸ், கதவு ஜன்னல், பெயிண்ட் எல்லாம் வரணும். நான் கட்டுனப்போ ரூஃப் போட்டு முடிச்சதும் பாதி வேலை முடிஞ்ச மாதிரி சந்தோஷப்பட்டேன், ஆனா அதுக்கப்புறம்தான் காசு தண்ணியா ஓடுச்சு, பூச்சு வேலைக்கு மணல் இறக்கவே கடன் வாங்குனேன். அதனால இன்னைக்கே உக்காந்து மீதி வேலை ஒவ்வொண்ணுக்கும் ரேட் கேட்டு எழுதுங்க. தேக்குக் கதவு, மாடிப்படி கிரானைட், வீட்டு முகப்பு அலங்காரம் இதெல்லாம் குடி போன பிறகு செஞ்சாலும் ஆகும், வெட்டிடுங்க.

இப்போ அந்த 3 லட்சம். கம்பி, சிமெண்ட், ஜல்லி எல்லாம் நீங்கதான் வாங்குறீங்க, அப்போ அவருக்கு எதுக்கு 3 லட்சம்? சென்ட்ரிங் (கான்கிரீட் இறுகுற வரைக்கும் தாங்குற பலகையும் முட்டும்) வாடகை, கம்பி கட்டுற கூலி, கான்கிரீட் போடுற அன்னைக்கு ஆள் கூலி, அவ்வளவுதான். ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவுன்னு தனித்தனியா கணக்கு கேட்டு வாங்குங்க. சென்ட்ரிங் பலகை இறங்குனதும் ஒரு தொகை, கம்பி கட்டி முடிச்சதும் ஒண்ணு, கான்கிரீட் அன்னைக்கு சாயங்காலம் ஒண்ணு, முட்டு பிரிச்ச பிறகு மிச்சம். இதை ஒரு நோட்டுல எழுதி அவர்கிட்ட கையெழுத்தும் வாங்கிடுங்க. எனக்கு வந்த மேஸ்திரிக்கு நம்பி மொத்தமா குடுத்துட்டேன், மனுஷன் அந்தக் காசுல இன்னொரு சைட்டை ஆரம்பிச்சுட்டாரு, என் வீடு நாலு மாசம் கம்பி துருத்திட்டு நின்னுச்சு. அந்த வழியா பஸ்ல போகும்போது தலையைத் திருப்பிக்குவேன்.

அடுத்து நாள் கணக்கு. இப்போ புரட்டாசி, ஐப்பசியில அடைமழை வந்துடும். கான்கிரீட் போட்ட அன்னைக்கு மழை கொட்டுனா போச்சு, அதனால தார்ப்பாய் வாங்கி வெச்சுட்டு, வானிலை பாத்து நாள் குறிங்க. போட்ட பிறகு பத்து நாளாவது தண்ணி கட்டணும். முட்டு 14 நாளைக்கு முன்னாடி பிரிக்க விடாதீங்க, பீம் 6 மீட்டருக்கு மேல நீளமா இருந்தா 21 நாள். அதுவரைக்கும் உள்ள காலே வைக்க முடியாது, பூச்சு எப்படி நடக்கும்? மார்கழியில யாரும் பால் காய்ச்ச மாட்டாங்க, தை முடியறதுக்குள்ள முடியலன்னா, மாசி பங்குனி வேண்டாம்னு வீட்ல சொல்லுவாங்க, சித்திரைன்னு வெச்சுக்கோங்க. 9 லட்சத்துக்கு 9 சதவீத வட்டின்னா மாசம் 6,750, அதோட வாடகை, இதுதான் ஒரு மாச தாமதத்தோட விலை. அவசரத்துல ஈரம் காயாத சுவர்ல பெயிண்ட் அடிச்சு உரிஞ்சா திரும்ப அடிக்கிற செலவு அதைவிடப் பெருசு.

நகை விஷயம். மேஸ்திரி அட்வான்ஸுக்குன்னு வைக்காதீங்க. ஆனா பேங்க் ரூஃப் முடிஞ்ச பிறகுதான் அடுத்த தவணை விடும், அதுவரைக்கும் கம்பியும் சிமெண்டும் வாங்க காசு வேணும், கையில இருக்கற ஒன்னரை போதாது. அந்தத் துண்டு விழுற தொகைக்கு மட்டும், அதுக்கு மேல ஒரு ரூபாய் கூட இல்லாம வைங்க. வைக்கிறதுக்கு முன்னாடி பேங்க்ல போய், ரூஃப் போட்டா எத்தனை ரூபாய் வரும், அவங்க இன்ஜினியர் எப்போ வந்து பாப்பாரு, பாத்து எத்தனை நாள்ல கணக்குல ஏறும்னு மூணையும் கேட்டுட்டு வாங்க. அந்தப் பணம் வந்த அன்னைக்கு முதல் வேலையா நகையை மீட்டுடுங்க, டைல்ஸ் கடைக்கு அப்புறம் போகலாம். உங்க மனைவிகிட்டயும் இந்தக் கணக்கை முழுசா காட்டிட்டு அவங்க சரின்னு சொன்னா மட்டும் செய்ங்க, நகை அவங்களோடது.