சிந்தெடிக் ஆயில் ஊற்றினால் எத்தனை கிலோமீட்டர் ஓட்டலாம்? கேள்வி பதில்

சிந்தெடிக் இஞ்சின் ஆயில் ஊற்றிவிட்டால் 20,000 கி.மீ. வரை தொடவே வேண்டாம் என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. அதைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒர்க்‌ஷாப்பில் இஞ்சின் வேலை பார்ப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். வண்டியையும் அது ஓடும் இடத்தையும் எழுதி அனுப்பியவர்களுக்கு நன்றி. இந்தக் கேள்விக்கு அது தெரியாமல் பதில் சொல்லவே முடியாது.

கேள்வி (திருச்சி, ஸ்விஃப்ட் பெட்ரோல்): வணக்கம் சார். கம்பெனி 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம் என்கிறது. ஃபுல்லி சிந்தெடிக் ஊற்றினால் 20,000 தாராளமாகப் போகலாம் என்கிறார் ஆயில் கடைக்காரர். அமெரிக்காவில் அப்படித்தான் ஓட்டுகிறார்களாமே?

பதில்: அவர் சொல்வது முழுப் பொய் இல்லை. அமெரிக்காவில் மொபில் 1 ஆயிலிலேயே 20,000 மைல், அதாவது சுமார் 32,000 கி.மீ. என்று போட்டு விற்கும் வகை உண்டு. ஆனால் ஒரு வருடம் என்ற வரம்பும் அதோடு சேர்ந்தே வருகிறது. ஐரோப்பாவில் வோக்ஸ்வேகன் 504.00 / 507.00 தரத்து ஆயிலோடு 30,000 கி.மீ. அல்லது இரண்டு வருடம் வரை விடுகிறார்கள். அங்கே காரில் இருக்கும் சென்சாரும் கம்ப்யூட்டரும் வண்டி எப்படி ஓடுகிறது என்று கணக்குப் போட்டு, தேவைப்பட்டால் முன்னாடியே சர்வீஸுக்கு வரச் சொல்லிவிடும். அதே கம்பெனி இந்தியாவில் 15,000 கி.மீ. அல்லது ஒரு வருடம் என்றுதான் சொல்கிறது. ஆயில், இஞ்சின், பெட்ரோலின் தரம், ஃபில்டர், ஓட்டும் சூழல் எல்லாவற்றையும் சேர்த்து முடிவு செய்த கணக்கு அது.

ஆயிலில் எது தீர்ந்துபோகிறது என்று பார்த்தால் விஷயம் புரியும். ஒரு கேனில் முக்கால் பங்குக்கு மேல் பேஸ் ஆயில், மீதி அடிட்டிவ் எனும் சேர்மானம். சிந்தெடிக் என்ற பெயர் பேஸ் ஆயிலைப் பற்றியது. சூட்டில் சீக்கிரம் கெட்டியாகாது, குளிரில் உறையாது, ஆவியாவதும் குறைவு. இதெல்லாம் உண்மையான நன்மைதான். ஆனால் பெட்ரோல் எரியும்போது உண்டாகும் அமிலம், கரி, தண்ணீர் ஆகியவை சாதாரண மினரல் ஆயிலில் எவ்வளவு கலக்குமோ அவ்வளவே சிந்தெடிக்கிலும் கலக்கும். அமிலத்தை முறிக்கும் காரச் சத்தை டிபிஎன் என்ற எண்ணால் அளப்பார்கள். அது தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். அது குறையும் வேகத்தைப் பெரும்பாலும் உங்கள் இஞ்சினும் எரிபொருளும்தான் முடிவு செய்கின்றன. டின்னில் இருக்கும் 'சிந்தெடிக்' என்ற சொல்லால் அதை நிறுத்த முடியாது. நல்ல ஆயிலே ஊற்றுங்கள். 10,000 அல்லது ஒரு வருடம் என்பதை மாற்ற வேண்டாம்.

கேள்வி (சென்னை, ஐ20): தினமும் ஓ.எம்.ஆரில் ஆபீஸ் போய் வருகிறேன். போக 12 கி.மீ., சாயங்காலம் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. சிந்தெடிக்தான். 10,000 வரை விடலாமா?

பதில்: நான் 7,000, 7,500-லேயே மாற்றச் சொல்வேன். சிக்னலில் நிற்கும்போது கிலோமீட்டர் ஏறாது, இஞ்சின் ஓடிக்கொண்டேதான் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். சராசரி 20 கி.மீ. வேகத்தில் போகிற வண்டி 10,000 கி.மீ. முடிக்க 500 மணி நேரம் ஓட வேண்டும். பைபாஸில் சராசரி 60-ல் போகிறவருக்கு அதே தூரத்துக்கு 167 மணி நேரம் போதும். மீட்டரில் ஒரே எண் காட்டினாலும் உங்கள் ஆயில் மூன்று மடங்கு நேரம் வேலை பார்த்திருக்கிறது. பல கார்களின் ஓனர் மேனுவலில் கடினமான பயன்பாடு என்று தனியாக ஒரு அட்டவணை இருக்கும். நெரிசல், தூசி, குறுகிய தூர ஓட்டம் எல்லாம் அதில் வரும். நம் நகரங்களில் ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவை அந்தப் பட்டியலில்தான் சேரும். சர்வீஸ் அட்டவணையில் முதல் பக்கத்தோடு நிறுத்திவிடாமல் அதையும் படியுங்கள்.

கேள்வி (ஊட்டி, வேகன்-ஆர்): ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்பக்கம் வெண்ணெய் மாதிரி வெளுப்பாக ஒட்டியிருக்கிறது. ஹெட் கேஸ்கட் போய்விட்டதா? வண்டி பெரும்பாலும் பள்ளிக்கூடம், மார்க்கெட் என்று 2, 3 கி.மீ.தான் ஓடும்.

பதில்: பயப்படாதீர்கள். கேஸ்கட் போயிருந்தால் இஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் ஆயிலில் கலந்து குறையும், அதனால் முதலில் அதன் அளவைப் பாருங்கள். இஞ்சின் ஆறிய பிறகு ரிசர்வ் டேங்கில் அளவைக் குறித்து வைத்து இரண்டு வாரம் கவனியுங்கள். குறையவில்லை, ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் வரும் ஆயிலும் சுத்தமாக இருக்கிறது என்றால் அது உள்ளே படிந்த ஈரம்தான். கூலண்ட் குறைந்தாலோ, டிப்ஸ்டிக்கிலேயே பால் கலந்த காபி நிறம் வந்தாலோ, வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை அழையுங்கள்.

டேஷ்போர்டில் இருக்கும் முள் கூலண்டின் சூட்டைத்தான் காட்டும். ஆயில் சூடேற அதைவிட அதிக நேரம் பிடிக்கும். 3 கி.மீ.யில் வண்டியை நிறுத்தினால் எரிந்த வாயுவோடு வந்த தண்ணீரும், எரியாமல் சிலிண்டர் சுவரில் வழிந்த பெட்ரோலும் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் ஆயிலிலேயே தங்கிவிடும். வாரம் ஒரு முறையாவது அரை மணி நேரம் நிற்காமல் ஓட்டுங்கள், குன்னூர் போய்த் திரும்பினாலே போதும். உங்களுக்குக் கிலோமீட்டர் கணக்கு பொருந்தாது. 4,000-தான் ஓடியிருந்தாலும் வருடத்துக்கு ஒரு முறை மாற்றியே ஆக வேண்டும். ஆறு மாதத்தில் மாற்றினால் இன்னும் நல்லது.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): மாற்றி 2,000 கி.மீ.கூட ஆகவில்லை, டீசல் வண்டி, ஆயில் கன்னங்கரேலென்று இருக்கிறது.

பதில்: டீசலில் அது சகஜம். கரியைப் பிடித்து மிதக்க வைப்பது ஆயிலின் வேலை, அதைச் செய்கிறது. நிறத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

கேள்வி (கோவை, பிஎஸ்6 டீசல் எஸ்யுவி): மாதம் 3,000 கி.மீ. பெங்களூர் ஹைவேயில் ஓடுகிறேன். எனக்காவது தள்ளிப் போட முடியுமா? இன்னொன்று, லெவல் குறைவதற்குப் பதிலாக டிப்ஸ்டிக்கில் ஏறியிருக்கிறது. நல்லதுதானே?

பதில்: ஏறியது நல்லதில்லை அண்ணா, அதை முதலில் பார்ப்போம். பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு ஏற்ற டீசல் வண்டியில் புகைக் கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் உண்டு. அது நிரம்பினால், இஞ்சின் தானாகவே கூடுதலாக டீசல் தெளித்துச் சூடேற்றிக் கரியை எரிக்கும். அந்த டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். ஹைவேயில் ஓடும் வண்டியில் இது குறைவாக இருக்க வேண்டும். உங்களுக்கு ஏறுகிறது என்றால், கரி எரியும் நேரத்தில் வண்டியை அடிக்கடி நிறுத்துகிறீர்களா, இல்லை இஞ்செக்டர் கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். டிப்ஸ்டிக்கை முகர்ந்தாலே டீசல் வாடை தெரியும். மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் உடனே மாற்றுங்கள். நீர்த்துப்போன ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது.

தள்ளிப் போடும் கேள்விக்கு வருகிறேன். கேட்டவர்களிலேயே அதற்குத் தகுதியான ஓட்டம் உங்களுடையதுதான். ஆனால் வாரண்டி இருக்கும்வரை வேண்டாம். அதற்குப் பிறகும் ஊகத்தில் செய்யாதீர்கள். ஓடிய ஆயிலில் கொஞ்சம் எடுத்து லேபில் கொடுத்தால் இரும்பு எவ்வளவு, சிலிக்கான் எவ்வளவு, டீசல் எத்தனை சதவீதம், டிபிஎன் மிச்சம் எவ்வளவு என்று வரும். சிலிக்கான் கூடினால் ஏர் ஃபில்டர் வழியாகத் தூசி போகிறது என்று பொருள். அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து 1,000, 2,000 கி.மீ. என்று படிப்படியாகத்தான் நீட்ட வேண்டும். ஆயில் எதுவானாலும் மேனுவலில் சொன்ன குறைந்த சாம்பல் வகையாக, ஏசிஇஏ என்ற ஐரோப்பியத் தரத்தில் சி2 அல்லது சி3 என்று போட்டதாக இருக்கட்டும். சாதா ஆயிலில் இருந்து வரும் சாம்பல் டிபிஎஃப்பில் படிந்தால், எரித்தாலும் போகாது.

கேள்வி (சேலம்): இப்போது விற்கும் சிந்தெடிக் பலதும் உண்மையில் மினரல்தானாமே? ஏமாற்றா?

பதில்: கச்சா எண்ணெயிலிருந்து எடுத்த பேஸ் ஆயிலை ஹைட்ரஜனோடு சேர்த்துக் கடுமையாகச் சுத்திகரித்தால் குரூப் 3 கிடைக்கும். வேதியியல் முறையில் உருவாக்கும் பிஏஓ, குரூப் 4. அமெரிக்காவில் காஸ்ட்ரால் குரூப் 3-ஐ சிந்தெடிக் என்று விற்றதை மொபில் எதிர்த்தது. விளம்பரங்களை விசாரிக்கும் அமைப்பு 1999-ல் காஸ்ட்ரால் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகு அந்தப் பெயர் இரண்டுக்கும் பொதுவாகிவிட்டது. என் கருத்தில் இன்றைய நல்ல குரூப் 3 ஆயில் நம் கார்களுக்குத் தாராளம். முன்பக்கத்துப் பெரிய எழுத்தை விடுங்கள், டின்னைத் திருப்பிப் பாருங்கள். ஏபிஐ எஸ்பி போன்ற தரமும், உங்கள் மேனுவல் கேட்கும் கிரேடும், கார் கம்பெனி கேட்கும் அப்ரூவல் எண்ணும் இருக்கிறதா? அதுதான் முக்கியம்.

கேள்வி (மதுரை): சர்வீஸ் முடிந்து 0டபிள்யூ-20 கார் ஆயில் அரை லிட்டர் மிச்சம். பைக்கில் ஊற்றலாமா அண்ணா?

பதில்: வேண்டாம் தம்பி. பெரும்பாலான கியர் பைக்கில் கிளட்ச் அந்த ஆயிலிலேயே முழுகியிருக்கும். கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் சத்து கிளட்சை வழுக்க வைத்துவிடும். பைக்குக்கு ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டதுதான். மிச்சத்தை மூடி வையுங்கள், காருக்கே டாப்-அப் செய்ய ஆகும்.

கேள்வி (நாகர்கோவில், 2010 ஆல்டோ): இதுவரை மினரல். சிந்தெடிக்குக்கு மாறினால் சீல் எல்லாம் ஒழுகும் என்கிறார் மெக்கானிக்.

பதில்: ஆரம்பகால பிஏஓ ஆயில்களில் ரப்பர் சீல் சுருங்கும் தொல்லை இருந்தது. இப்போது அதற்கு ஏற்ற சேர்மானத்தோடுதான் வருகிறது. ஆனால் ஏற்கெனவே தேய்ந்த சீலை அழுக்கு அடைத்துக்கொண்டிருந்தால், அது கரையும்போது ஒழுக்கு தெரியும். முதல் தடவை 3,000 கி.மீ.யிலேயே ஃபில்டரோடு மாற்றிவிடுங்கள். இஞ்சின் உள்ளே கழுவும் ஃப்ளஷ் போட வேண்டாம். பெயர்ந்து வரும் கசடு ஆயில் பம்பின் சல்லடையை அடைத்தால் இஞ்சின் போய்விடும். பழைய இஞ்சின் ஆயில் குடிக்கும், பதினைந்து நாளுக்கு ஒரு முறை டிப்ஸ்டிக் பாருங்கள்.

கேள்வி (துபாய், ஊரில் இருப்பது ஹோண்டா சிட்டி): வருடத்தில் ஒரு மாதம்தான் ஊரில் இருப்பேன், 1,200 கி.மீ. ஓடும். ஆயிலை வந்ததும் மாற்றுவதா, கிளம்பும்போதா?

பதில்: கிளம்பும்போது. ஓடிய ஆயிலில் அமிலமும் ஈரமும் இருக்கும். அதோடு பதினோரு மாதம் பேரிங்குகள் ஊறக் கூடாது. புது ஆயில் ஊற்றி, அரை மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். வீட்டில் இருப்பவர்களிடம், வாரா வாரம் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அது ஈரத்தைச் சேர்க்கும், பேட்டரியையும் இறக்கும். ஓட்டத் தெரிந்தவர் இருந்தால் மாதம் ஒரு முறை அரை மணி நேரம் ஓட்டட்டும். இல்லாவிட்டால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி வைத்துவிட்டு, டயரில் காற்றைச் சரியாக அடித்துவிட்டுப் போங்கள்.