மானுக்கு மஞ்சள் பூசினியா?

வணக்கம் அண்ணா,

நான் திருகோணமலை உப்புவெளிதான். போன கிழமை விடியக்காலையில டச்சு பே பக்கம் போனன். கரையில ஏத்தி வச்ச நீல போட் ஒண்டுக்குப் பக்கத்தில புள்ளிமான் ஒண்டு நிண்டுது, பின்னால சூரியன் வாற நேரம், போன்ல எடுத்தன். வீட்ட வந்து பாத்தா வானம் வெளிறிப்போய்க் கிடக்கு. சாச்சுரேஷனை, அதான் கலர்ர அடர்த்தியை, கூட்டினன், கூட்டிக் கூட்டி 80க்குக் கொண்டுபோயிட்டன். பேஸ்புக்ல நல்ல லைக் வந்தது. ஆனா அம்மம்மா பாத்திட்டு, "ஏன்டா, மானுக்கு மஞ்சள் பூசினியா?" எண்டு கேட்டா. கலரை எவ்வளவு தூரம் மாத்தலாம், எங்க நிப்பாட்டுறது?

தம்பி,

முதல்ல அம்மம்மாவுக்கு என்ர வணக்கத்தைச் சொல்லுங்க. லைக் போட்ட ஆக்கள் எல்லாரும் வானத்தைத்தான் பாத்திருக்கினம், மானைப் பாத்தது அவா ஒராள்தான்.

நீங்க அனுப்பின படத்தைப் பெருசாக்கிப் பாத்தன். மான்ர முதுகில இருக்கிற வெள்ளைப் புள்ளியெல்லாம் செம்மஞ்சளுக்குள்ள கரைஞ்சுபோச்சு. சூரியனைச் சுத்தி வானம் வழுவழுப்பா மாறாம படிபடியா வளையம் வளையமாத் தெரியுது, அது ஏனெண்டா ஜேபெக் எண்ட, போன்ல வழக்கமா சேமிக்கிற வகைப் படத்தில ஒவ்வொரு நிறத்துக்கும் மொத்தமே 256 படிதான் இருக்கு, நீங்க 80 வரைக்கும் இழுக்கேக்க அந்தப் படிகளுக்கு நடுவில இடைவெளி விழுந்திடும், சிவப்பு கடைசிப் படியில போய் முட்டினா அதுக்கு மேல விபரம் ஒண்டும் மிஞ்சாது. புள்ளி அழிஞ்சது அப்பிடித்தான்.

ஆனா வானம் வெளிறினதுக்குக் காரணம் சாச்சுரேஷன் இல்லை. மான் நிழல்ல நிக்குது, வெளிச்சம் அதுக்குப் பின்னால. போன் மானைத் தெரிய வைக்கப் பாத்து முழுப்படத்தையும் வெளிச்சமாக்கிட்டுது. அதோட ஆட்டோ வைட் பேலன்ஸ் எண்டு ஒண்டு இருக்கு, அது விடியக்காலைச் செம்மஞ்சளைக் கண்டா ஏதோ பிழை எண்டு நினைச்சு திருத்தப் பாக்கும். அப்ப நீங்க முதல்ல ஹைலைட்டை, அதாவது வெளிச்சம் கூடின இடங்களை, குறைச்சு, பிறகு டெம்பரேச்சர் எண்ட நீலம்-மஞ்சள் ஸ்லைடரைக் கொஞ்சம் மஞ்சள் பக்கம் தள்ளியிருந்தா பாதி வேலை முடிஞ்சிருக்கும். வானம் முழு வெள்ளையாப் போன இடம் இனி என்ன செய்தும் வராது, அடுத்தமுறை எடுக்கேக்க ஸ்கிரீன்ல வானத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைச்சிட்டு எடுங்க.

டெம்பரேச்சர் எண்டதும் ஞாபகம் வருது, எனக்கு இது கனநாள் குழப்பின விசயம். வெளிச்சத்தின்ர நிறத்தை கெல்வின்லதான் அளக்கிறது, மெழுகுதிரி வெளிச்சம் 2000 கெல்வினுக்குக் கிட்ட, நல்ல பகல் வெளிச்சம் 5500 அளவு, அதாவது நம்பர் கூடக் கூட வெளிச்சம் நீலமாகும். ஆனா படம் திருத்துற லைட்ரூம்ல ரோ படத்தை, அதாவது கமரா பதிஞ்சதை அப்பிடியே வச்சிருக்கிற படத்தை, திறந்து நம்பரைக் கூட்டினா படம் மஞ்சளாகுது! அந்த ஸ்லைடரால நாங்க சொல்லுறது "எடுக்கேக்க வெளிச்சம் இவ்வளவு நீலமா இருந்தது" எண்டு, அதை ஈடுகட்டத்தான் அது மஞ்சளைப் போடுது. இது விளங்கின நாளில இருந்துதான் நான் கண்ணைமூடிக்கொண்டு இழுக்கிறதை விட்டனான்.

சாச்சுரேஷனை விட வைப்ரன்ஸ் எண்ட ஸ்லைடர் பரவாயில்லை, அது ஏற்கெனவே அடர்த்தியா இருக்கிற நிறத்தை அவ்வளவா தொடாம மங்கினதைத்தான் கூடத் தூக்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்லைடர் இருக்கே, செம்மஞ்சளை மட்டும் கூட்டலாமே எண்டு கேப்பீங்க. அங்கதான் சிக்கல், விடியக்காலை வானமும் செம்மஞ்சள், மான்ர தோலும் செம்மஞ்சள். எங்கட முகமும் அதுக்குள்ளதான் வரும், சூரியோதயப் படத்தில ஆக்களெல்லாம் காரட் மாதிரித் தெரியிறது அதாலதான். உங்கட படத்துக்கு ஸ்னாப்சீட் எண்ட போன் ஆப்ல செலக்டிவ் எண்டதை எடுத்து, மான்ர முதுகில ஒரு புள்ளி வச்சு, அந்த இடத்தில மட்டும் சாச்சுரேஷனைக் குறைச்சுப் பாருங்க. ஒரிஜினலை மட்டும் அழிச்சுப்போடாதீங்க.

எவ்வளவு தூரம் எண்டா, விளையாடுறதெண்டா முழுத்தூரமும் போங்க. நான் நிலாவெளிக் கடலை ஊதாவாக்கியிருக்கிறன், கோணேசர் மலையைப் பச்சையாக்கியிருக்கிறன், அதைப் பாத்து ஒருத்தரும் ஏமாறப்போறேல்லை. எனக்குப் பிடிக்காதது நடுவில நிக்கிறதுதான், உண்மை மாதிரியும் இருந்துகொண்டு மான் மட்டும் கேசரி நிறத்தில நிக்கிறது. படத்தில ஏதாவது ஒண்டை நேர்ல பாத்த நிறத்தில விட்டிட்டா மற்றதை நல்லா இழுக்கலாம். உங்கட படத்தில அது மான்தான்.

என்ர கதையும் ஒண்டு இருக்கு. சொந்தக்காரர் வீட்டுக் கலியாணப் படங்களை ராவிராவா இருந்து திருத்தி விடிய முதல் கனடாவுக்கு அனுப்பினனான், லப்டொப்ல கண்ணுக்குக் குளிர்ச்சியான மஞ்சள் மோட் போட்டிருந்ததை மறந்துபோனன். திரை மஞ்சளா இருந்ததால படத்துக்கு நீலத்தை அள்ளிப் போட்டிருக்கிறன், பகல்ல பாத்தா பொம்பிளையின்ர சிவப்புக் கூறைச்சேலை கத்தரிப்பூ நிறம். பொம்பிளையின்ர தாய் இண்டைக்கும் என்னைக் கண்டா சேலைக் கதைதான்.

அதால அம்மம்மா எந்தப் போன்ல பாத்தவா எண்டும் ஒருக்கா கேளுங்க. சில போன்கள்ல டிஸ்ப்ளே விவிட் மோட்ல இருக்கும், எல்லாத்தையும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். மஞ்சள்ல பாதியை வேணுமெண்டா போன்ர தலையில போடலாம். புள்ளி அழிஞ்சது உங்கட வேலைதான்.